தண்ணீர் கேட்காத முலாம்பழம்

முலாம்பழம் வளர்ப்பவர்கள் பொதுவாகச் செய்கிற தவறு, அதற்குத் தண்ணீர் ஊற்றுவது. அதிலிருந்தே எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் ஐயா, நிதானமாகச் சொல்கிறேன்.

கடையில் வாங்குகிற விதை செல்லப்பிள்ளை. ஒரு நாள் வெயிலுக்கே படுத்துவிடும். நான் வீட்டுக்குப் பின்னால் விதை போட்டு, முளைத்ததும் சொட்டுத் தண்ணீர் காட்டாமல் கைகழுவிவிடுவேன். போனது போகட்டும்; பிழைத்த கொடியில் விதை எடுத்து மறுவருடம் போடுவேன். இப்படியே வருடக்கணக்கில் செய்து, எங்கள் மண்ணுக்கென்றே ஒரு பழம் கொண்டுவந்தேன். சிறியது, தோல் கெட்டி. இனிப்பைப் பற்றி நாகரிகம் தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

என் மைத்துனருக்கு அந்த நாகரிகம் போதாது. மனைவியின் தம்பி, வேலை போனபின் எங்களோடுதான் இருந்தார். விருந்தாளிகள் முன்னால் பழத்தைத் தட்டிப் பார்த்து, "அத்தான், இதை அறுக்கணுமா, உடைக்கணுமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்காக யாராவது ஆளைக் கொல்வார்களா என்ன.

ஆனால் இந்தக் கோடையில் ஒரு கொடிகூட வாடவில்லை. சந்தேகம் வந்து, மறைந்து நின்று பார்த்தேன். பாத்திரம் கழுவிய தண்ணீரை மைத்துனர் வேர் வேராக ஊற்றிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும், "பாவம் அத்தான், வாயில்லா ஜீவன்" என்றார்.

கருணைக்கடல். எது தாங்கும், எது தாங்காது என்றே தெரியாமல் போய்விட்டது. ஒரு பருவமே பாழ். அப்போதும் நான் கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. என் பொறுமையைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொள்ளலாம்.

பிறகு அவர் மாடிப்படியில் வழுக்கி இடுப்பை முறித்துக்கொண்டார். அதில் எனக்குச் சம்பந்தமில்லை, ஈரத்துணியால் படியைத் துடைத்தது அவரேதான். படுத்த படுக்கை. அந்த நேரம் பார்த்து எங்கள் மகளுக்குப் பிரசவம். மனைவி மகள் ஊருக்குக் கிளம்பும்போது, "இந்த வெக்கையில அவனுக்கு வேளாவேளைக்குத் தண்ணி குடுங்க" என்றாள்.

நான் அவர்மேல் விரல்கூட வைக்கவில்லை ஐயா. பின்னறைக் கதவைச் சாத்தினேன். அவ்வளவுதான்.

திரும்பி வந்த மனைவி, கதவைத் திறந்தவள் அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்தே கேட்டாள்: "அவன் தண்ணியே கேக்கலையா?"

"கேட்டாரு. முதல்ல கொஞ்சம் வாடத்தான் செய்யும்" என்றேன்.

அவள் அழுதாள். விவரம் புரியாதவள்.

முதலில் ஓயாமல்தான் கேட்டார். பிறகு குரல் இறங்கியது. அப்புறம் கேட்கவேயில்லை. பழகிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.