பின்புறம், நடுக்கோட்டுக்கு இடது

மத்தியானம் இரண்டே கால். ராத்திரி இல்லை, அதைக் கவனியுங்கள். ராத்திரியாக இருந்திருந்தால் சித்தி யாரையாவது துணைக்குக் கூப்பிட்டிருப்பாள். இது பட்டப்பகல்… பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால், பிணவறைக்குப் போகிற தார்ச் சாலை. ஒரு பக்கம் மதில். இன்னொரு பக்கம் துருப்பிடித்த கட்டில்களைக் குவியலாகப் போட்டு வைத்திருப்பார்கள். ஆள் நடமாட்டம் கிடையாது. அன்றைக்குக் காக்கா கூட இல்லை.

நெருங்கி உட்காருங்கள். விளக்கு எரியட்டும்… அணைக்க வேண்டாம்.

சித்தி என்றால் நம் பல் டாக்டருடைய சித்தி. அவர் வாயால் சொன்னதுதான். பிரேதப் பரிசோதனை அறிக்கைகளை டைப் செய்கிற வேலை அவளுக்கு. பரிசோதனை செய்கிற டாக்டர் சின்ன ரெக்கார்டரில் பேசி அனுப்புவார். சித்தி ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரில் தட்டுவாள். பதினோரு வருஷம்.

அந்த வேலைக்கு ஒரு சட்டம் உண்டு. உடம்பு குப்புறக் கிடக்கலாம், சுருண்டு கிடக்கலாம். ஆனால் எழுதும்போது, அது நேராக நம்மைப் பார்த்து நிற்கிறது, உள்ளங்கை இரண்டும் முன்னால் விரிந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும். நெற்றி, மார்பு முன்புறம். பிடரி, முதுகு பின்புறம். உச்சியிலிருந்து உடம்பை நேர்பாதியாகப் பிளக்கிற மாதிரி ஒரு கோடு, அது நடுக்கோடு. இடது என்றால் பார்க்கிறவருடைய இடது இல்லை, செத்தவருடைய இடது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், "போய்ச் சேர்ந்தவனுக்கு இடது என்ன, வலது என்ன?" என்று சித்தி எரிந்து விழுவாளாம். அப்புறம் தூக்கத்தில் கேட்டால் கூடத் தப்பாமல் சொல்வாள்.

அப்பேர்ப்பட்டவளுக்குத்தான் அந்த வாரம் வந்து சேர்ந்தது.

ஒரு பெயிண்டர். புதுக் கட்டடத்தில் சாரத்திலிருந்து செவ்வாய்க்கிழமை சாயங்காலம் விழுந்துவிட்டான். புதன்கிழமை பரிசோதனை. 'தலையில் காயம், முன்புறம், நடுக்கோட்டுக்கு இடது, இரண்டு விரல் தள்ளி' என்று டாக்டர் சொன்னார். சித்தி அப்படியே அடித்தாள். டாக்டர் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். காகிதம் ஸ்டேஷனுக்குப் போயிற்று.

வியாழக்கிழமை, நெற்றியில்தானே காயம் என்று கேட்டு அது திரும்பி வந்தது. 'பின்புறம்' என்று இருந்தது.

"ஏம்மா, முன்னாடிக்கும் பின்னாடிக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு?" நாலு பேர் முன்னால் டாக்டர் கேட்டார்.

சித்திக்கு முகம் கறுத்துவிட்டது. அறைக்கு வந்து திரையைப் பார்த்தாள். முன்புறம் என்றுதான் இருந்தது. அச்சடித்தாள். காகிதம் சூடாக வெளியே வந்தது… பின்புறம்.

திரையில் முன்புறம். தாளில் பின்புறம்.

அழித்துவிட்டுப் புதிதாக அடித்தாள். பின்புறம். மெஷினை அணைத்துப் போட்டாள். பின்புறம். கம்ப்யூட்டர் ரிப்பேர்காரரைக் கூப்பிட்டாள். வெள்ளிக்கிழமை வந்தார், பிரிண்டரைக் கழற்றினார், ஊதினார், மாட்டினார்.

"மெஷின் தப்பு பண்ணாது மேடம். நாம என்ன அடிக்கிறோமோ அதுதான் வரும்."

"அப்ப நான் பேய் பிடிச்சுப் போய் அடிக்கிறேனா?"

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். சித்தி சிரிக்கவில்லை. அன்றைக்கு மட்டும் இருபத்தேழு தாள் வீண். டாக்டருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். "லீவு வேணும்னா நேரா கேளும்மா," என்று வைத்துவிட்டார்.

வேறு வழியில்லாமல் பிணவறை அட்டெண்டரைப் பிடித்தாள்.

"அண்ணே, அந்தப் பெயிண்டருக்குப் பின்னந்தலையில ஏதாவது இருந்துச்சா?"

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். "யாரு பார்த்தா? மல்லாக்க வந்தான், மல்லாக்கவே முடிச்சாச்சு. அன்னிக்கு டாக்டருக்கு அவசரம்மா. நெத்தியைப் பார்த்தாரு, விழுந்ததுதான்னு சொல்லிட்டாரு."

"இப்ப திருப்பிப் பாக்கலாமா?"

"டாக்டர் சொல்லாம தொட்டா என் வேலை போயிடும். வெளியூர்லேருந்து அண்ணன்காரன் வந்துட்டான். நாளைக்கு மூணு மணிக்கு எடுக்கறாங்க."

எடுத்தால் நேரே எரிப்புதான். அப்புறம் முன்புறமாவது பின்புறமாவது…

சனிக்கிழமை. இரண்டே கால். சித்தி கடைசியாக அடித்த தாளை எடுத்துக்கொண்டு அந்தச் சாலையில் போகிறாள். கையில் அதே பாழாய்ப்போன 'பின்புறம்'. வெயில் மண்டையைப் பிளக்கிறது. பாதி வழியில் செருப்பு வார் அறுந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. குனிந்தாள்.

டர்ப்பன்டைன் வாடை.

பெயிண்டைக் கழுவுகிற எண்ணெய் இருக்கிறதே, அந்த நெடி. மூக்கை அறுத்தது. நிமிர்ந்தாள்.

இருபது அடியில் ஒருவன் நிற்கிறான். சட்டையெல்லாம் வெள்ளைப் பொட்டு. பாதம் இரண்டும் சேர்ந்திருக்கின்றன. கைகள் உடம்போடு ஒட்டித் தொங்குகின்றன. உள்ளங்கை இரண்டும்… முன்னால் திரும்பியிருக்கின்றன.

யாரும் அப்படி நிற்க மாட்டார்கள். நின்று பாருங்கள், தோள் வலிக்கும். அப்படி நிற்கிறவர்களைச் சித்தி பதினோரு வருஷமாகக் காகிதத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள்.

அவன் அவளையே பார்த்தான். பிறகு திரும்பினான். காலை எடுத்து வைக்காமல்… சுழல் நாற்காலி சுற்றுகிற மாதிரி, மெதுவாக. தார் மேல் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். பின்னந்தலை தெரிந்தது. முடி ஒரு இடத்தில் உள்ளே போயிருந்தது. முதுகைக் காட்டி நின்றதால் அவனுடைய இடதும் சித்தியுடைய இடதும் ஒரே பக்கம். இரண்டு விரல் தள்ளி.

சித்திக்கு என்ன வந்தது தெரியுமா? பயம் அப்புறம்தான். முதலில் வந்தது ஆத்திரம்.

"நான் என்னய்யா பண்ணட்டும்? யாருமே கேக்க மாட்டேங்கறாங்களே!"

அவன் நகரவில்லை. அவள் இன்னொரு செருப்பையும் உதறிவிட்டு, மதிலை ஒட்டி, அவனைத் தாண்டி ஓடினாள். தாண்டும்போது இடது தோள் மட்டும் ஐஸ் வைத்த மாதிரி இருந்ததாம்.

பிணவறை வாசலில் வண்டி தயார், பக்கத்தில் டாக்டர் நின்றிருந்தார். பெயிண்டரின் மனைவி படியில் உட்கார்ந்திருந்தாள். ஸ்ட்ரெச்சரை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். சித்தி அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"திருப்பிப் பாருங்க டாக்டர். ஒரே ஒரு தடவை."

"பைத்தியமா உனக்கு? கையை எடு!"

"ஒண்ணும் இல்லேன்னா என் ராஜினாமாவை நானே டைப் பண்ணித் தரேன்."

டாக்டர் பதில் சொல்வதற்குள் பெயிண்டரின் மனைவி எழுந்து வந்துவிட்டாள். "திருப்புங்க," என்றாள். அவ்வளவுதான். அட்டெண்டர் யாரையும் பார்க்காமல் திருப்பினார்.

வட்டமாக ஒரு பள்ளம். சுத்தியல் முகத்தளவு. டாக்டர் அளவுகோலை வைத்தார். இரண்டாம் தடவையும் வைத்தார். "உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று மட்டும் கேட்டார். சித்தி தாளை நீட்டினாள்.

சாரம் ஒழுங்காகக் கட்டவில்லை, ஆபீஸில் சொல்லப் போகிறேன் என்று பெயிண்டர் கிளம்பினானாம். சுத்தியலால் அடித்துத் தள்ளியதைக் கட்டட மேஸ்திரி நாலாம் நாள் ஒப்புக்கொண்டான். டாக்டர் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்.

இத்தோடு முடிந்திருந்தால் சித்தி நிம்மதியாக இருந்திருப்பாள்.

அடுத்த வாரம் ரிப்பேர்காரர் திரும்ப வந்தார். மெஷினைக் குடைந்துகொண்டே இருந்தவர் நிமிர்ந்தார்.

"மேடம், அந்த ரிப்போர்ட் இதுல ரெண்டு இருக்கு. ஒரே பேரு. நீங்க அடிச்சது ஒண்ணு. பிரிண்டர் எடுத்தது இன்னொண்ணை. அதுலதான் பின்புறம்னு இருக்கு."

"நான் ஒண்ணுதானே அடிச்சேன்? அது எப்ப அடிச்சது?"

அவர் திரையைப் பார்த்தார். தேதியை இரண்டு தடவை படித்தார்.

"போன வாரம் திங்கக்கிழமை. காலைல பதினொண்ணு பத்து."

திங்கட்கிழமை சித்தி லீவு. அறை பூட்டியிருந்தது. சாவி அவள் கைப்பையில்.

பெயிண்டர் விழுந்தது செவ்வாய்க்கிழமை. திங்கட்கிழமை காலை பதினொன்று பத்துக்கு அவன் சாரத்து மேல் நின்று, மூன்றாவது மாடிக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தான்.