சடை ரொட்டிக்கு ஒரு குளிர்ந்த இடம்

சடை ரொட்டிக்கு வெயில் ஆகாது, சார். மாவைப் பிசைந்து சடை பின்னிவிட்டால், ராத்திரி முழுக்கக் குளிர்ச்சியில் கிடந்து மெதுவாக உப்ப வேண்டும். சேலையூரில் ஏப்ரல் மாதம் அப்படி ஓர் இடத்தை நீங்கள்தான் காட்டுங்களேன்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் ஜெர்மன் மதர். கோயிலை ஒட்டிய கன்னியர் மடத்தில் இருந்தார். மைதா, பால், வெண்ணெய், முட்டை, சர்க்கரை, ஈஸ்ட், உலர்திராட்சை. மூன்று கால் பிரித்து, பெண் பிள்ளைக்குப் பின்னுகிற மாதிரியே பின்ன வேண்டும். அவர் ஊரில் ஈஸ்டர் காலைச் சாப்பாட்டில் இதுதான் முதலில் வருமாம். எண்பத்தைந்தாம் வருஷம் ஊருக்குத் திரும்பும்போது, "ஞானம்மா, இனிமே இது உன் பொறுப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து ஈஸ்டர் பூசை முடிந்ததும் எண்பது பேர் என் ரொட்டியைத்தான் சாப்பிட்டார்கள். எனக்குப் பிள்ளை இல்லை. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் எனக்கு மரியாதை.

மடத்தில் மீன் வைக்கிற நீளமான ஐஸ் பெட்டி இருந்தவரைக்கும் கவலையில்லை. தொண்ணூற்றாறில் அது கெட்டுப்போனது. என் சடை நாலடி நீளம், வீட்டு ஃபிரிட்ஜில் நுழையாது. நறுக்கி வைக்கலாமே என்பீர்கள். நறுக்கினால் அது பன், சார்.

அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் சவுரிமுத்து தவறிப்போனார். அது தானாக வந்த சாவு, எழுதிக்கொள்ளுங்கள். ஈஸ்டர் ஞாயிறன்று அடக்கப் பூசை கிடையாது. திங்கட்கிழமை வரை வைக்க வேண்டும் என்று, சாவு வீட்டுக்குப் பெட்டி வாடகைக்கு விடுகிற முனிரத்தினம் கண்ணாடி மூடி போட்ட ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்தார். நான் அழுதுகொண்டேதான் பின்னினேன். வீட்டுக்காரர் ஒல்லி, பக்கத்தில் இடம் இருந்தது. வெள்ளைத் துணியில் சுற்றி அவர் பக்கத்தில் படுக்க வைத்தேன். பார்த்தவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார்கள். காலையில் எடுத்துச் சுட்டால், பஞ்சு மாதிரி வந்தது.

அடுத்த வருஷம் எங்கள் தெருவில் யாரும் சாகவில்லை. குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். மாவு வெக்கையில் பொங்கி வழிந்து, ரொட்டி புளித்துப்போனது. பக்கத்து வீட்டுச் சின்னப்பன் கோயில் கமிட்டிச் செயலாளர். அவர் எண்பது பேருக்கு முன்னால் எழுந்து நின்று, "ஞானம்மாக்கா, அடுத்த ஈஸ்டருக்கும் இப்படி ஆச்சுன்னா, பேசாம பொங்கல் வடை போட்டுடலாம்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு வருத்தம்தான். கோபமெல்லாம் இல்லை.

இந்த வருஷம் முன்கூட்டியே முனிரத்தினத்திடம் போய், ஒரு ராத்திரிக்குப் பெட்டி வேண்டும் என்று முறையாகத்தான் கேட்டேன்.

"இன்னாக்கா நீ, சாவு வுழாத வூட்டுக்கு எப்டிக்கா பொட்டி தர்றது? காலிப் பொட்டி உள்ள வந்தா ஆள் தேடும்க்கா. ஆள் பேரச் சொல்லு, ஒடனே ஏத்திக்கினு வரேன்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆள் பேர் யோசித்தேன்.

சின்னப்பனை எடுத்தது உடம்பு வாகுக்காக மட்டும்தான். ஒல்லி. பக்கத்து வீடு என்பதால் மாவைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்க வேண்டாம். அவர் பெண்டாட்டி தனமும் துணைக்கு உட்கார என்னைத்தான் கூப்பிடுவாள். பெரிய சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். அதில் என்ன கலந்தேன் என்பது உங்கள் ரிப்போர்ட்டிலேயே இருக்கும். "சர்க்கரை தூக்கலா இருக்குக்கா" என்று சொல்லிக்கொண்டே முழுதும் குடித்தார். நல்ல மனுஷன்.

ரொட்டி அந்த மாதிரி என்றைக்கும் வந்ததில்லை. தனத்துக்கும் ஒரு துண்டு கொடுத்தேன். முந்தின நாளிலிருந்து பட்டினி, பாவம். திங்கட்கிழமை அடக்கத்துக்கு எடுக்கும்போது சின்னப்பனின் கோட்டுப் பையில் மாவும் திராட்சையும் ஒட்டியிருந்தது என் கவனக்குறைவுதான். துணியை இன்னொரு சுற்று சுற்றியிருக்க வேண்டும்.

எதிர் வீட்டு லோகநாதனைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஆமாம், அவரும் அதே சனிக்கிழமை விடியற்காலையில் தானாகவே போய்ச் சேர்ந்தார். மகன் பம்பாயிலிருந்து வர வேண்டும் என்று எட்டு மணிக்கெல்லாம் முனிரத்தினம் ஒரு பெட்டியை அங்கே இறக்கிவிட்டார். நானும் போய் மாலை போட்டேன். உள்ளே இடம் இருக்கிறதா என்றும் பார்த்தேன். சின்னப்பனைவிட ஒல்லி, தாராளமாக இருந்தது. அதற்கப்புறம் வீட்டுக்கு வந்துதான் காபி போட்டேன்.

ஆனால் சார், அந்த லோகநாதன் ஒரு நாள்கூட என் எதிரில் பொங்கல் வடை என்று சொன்னதில்லை.