உறவு: இல்லை

எனக்குத் தட்டச்சு வேகமாக வரும். அதனால்தான் சௌபர்ணிகா அக்கா, தொழில் நடத்தும் பெண்களைப் பற்றிய உங்கள் ஆய்வில், பேட்டிகளைக் கேட்டு எழுதும் வேலையை எனக்குக் கொடுத்தீர்கள்.

ஒவ்வொரு பேட்டிக்கும் முதலில் ஒரு கட்டம் நிரப்பச் சொன்னீர்கள். பேசுகிறவருக்கும் எழுதுகிறவருக்கும் என்ன உறவு? "நாம எங்க நின்னு கேக்குறோங்கிறதை மறைக்கக் கூடாது பெல்சி," என்றீர்கள். மீனம்மாள் அத்தையின் பேட்டிக்கு 'இல்லை' என்று நிரப்பினேன்.

மானகிரியில் அவருடைய பலகாரக் கடையை உங்களுக்குத் தெரியும். அதன் முதல் சீப்புச் சீடை எங்கள் வீட்டு அடுப்பில்தான் பொரிந்தது. அம்மாவும் அவரும் சேர்ந்து தொடங்கியது. பலகை மாட்டியபோது அதில் அத்தையின் பெயர் மட்டும்தான் இருந்தது.

பேட்டியில் சிரிக்கிறார். "யூஜினியாவா? அவ மாவு பிசைய வந்தவ. நாந்தேன் தனியா ஆரம்பிச்சேன்." அந்த இடத்தைப் பதினொரு முறை கேட்டேன். யூஜினியா என் அம்மா என்று சொல்லாமல், பொய் என்று மட்டும் உங்களிடம் சொன்னேன். "அது அவுக கதை. நாம திருத்தக் கூடாது," என்றீர்கள். நான் திருத்தவில்லை.

நான்காம் பக்கத்தில் அவர் குரல் இறங்குகிறது. "எம் புருசன் அடிக்கிறதை வெளிய சொன்னதில்ல தாயி. தேவகோட்டையில வீடு பாத்துட்டேன். தையில பிள்ளைகளோட கிளம்பிருவேன். தெரிஞ்சா கொன்னே போடுவாரு." அதையும் அப்படியே எழுதினேன்.

எழுதியதைப் பேசியவரிடமே காட்டிக் கையெழுத்து வாங்குவது உங்கள் வழக்கம். என்னைத்தான் அனுப்பினீர்கள். அத்தை சந்தைக்குப் போகும் நேரம் எனக்குத் தெரியும். அப்போது போனேன். அவர் கணவர் பாண்டிமுருகன் மாமா மட்டும் இருந்தார்.

"என்ன தாயி, பரீட்சையில கோட்டை விட்ட பேப்பரா?"

"அத்தை பேசுனது மாமா. நாலாம் பக்கம் மட்டும் சரிதானான்னு பாத்துக் குடுங்க."

எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்துவிட்டது என்கிறார்கள். மதுரை ஆஸ்பத்திரியில் அத்தை மூன்று நாளாகக் கண் திறக்கவில்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்துவிடுகிறேன். பக்கத்து அறையில் அம்மா இன்னும் ஜெபமாலையைக் கீழே வைக்கவில்லை. "எங்கூடப் பெறந்தவ மாதிரிடி அவ," என்று அழுகிறாள். அம்மாவுக்காகத்தானே செய்தேன். அவள் ஏன் அழுகிறாள் என்று விளங்கவில்லை.

அந்தக் கட்டத்தை இன்று திருத்திவிட்டேன் அக்கா. யூஜினியாவின் மகள். மற்றபடி பேட்டியில் ஒரு சொல்லைக்கூட நான் சேர்க்கவில்லை.