மேல்தட்டில் எரிந்த பச்சை விளக்கு

மணி மூன்றேகால். பகல் மூன்றேகால்.

"பகல்ல ஏது பேய்?" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். ராத்திரியில் உட்கார்ந்து சொல்வதற்கு நாம் இருக்கிறோம். நடக்கிறது எந்த நேரத்திலும் நடக்கும். அந்தக் கதவைச் சாத்து. போர்வையை நீ ஒருத்தியே இழுத்துக்கொள்ளாதே, பக்கத்தில் இருக்கிறவளுக்கும் கால் இருக்கிறது.

ம்... மூன்றேகால். ஞாயிற்றுக்கிழமை. படகுப் பட்டறைக்குப் போகிற சாலை. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் பூட்டிக் கிடக்கிற கிடங்குகள். ஒரு நாய்கூடக் கண்ணில் படவில்லை. வெயிலில் தார் இளகி ஸ்கூட்டர் டயரில் ஒட்டிப் பிரிகிற சத்தம் மட்டும்... சர்... சர்... சர்...

ஸ்கூட்டரில் போனவன் என் சிநேகிதியின் தம்பி. அவன் வாயாலேயே நான் கேட்டது இது. அந்த வாயில் இப்போது முன்பற்கள் நான்கு கிடையாது. அதற்கும் வருகிறேன்.

எல்லோரும் அவனை பியூஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். படகு என்ஜின்களுக்கு எலக்ட்ரானிக் கண்ட்ரோல் பொருத்துகிறவன். முன்பெல்லாம் லீவரைத் தள்ளினால் ஓர் இரும்புக் கேபிள் போய் என்ஜினை இழுக்கும். இப்போது கேபிள் கிடையாது. லீவர் ஒயர் வழியாகச் சேதி அனுப்பும், என்ஜினுக்குள் இருக்கிற கம்ப்யூட்டர் டப்பா அதைக் கேட்டு நடக்கும். எந்த லீவர் சொன்னது, எத்தனை மணிக்குச் சொன்னது என்று எழுதியும் வைத்துக்கொள்ளும்.

அந்த எழுத்தைப் படிக்கத்தான் போனான்.

பதினோரு நாளுக்கு முன்னால் ஒரு சாவு. அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஓட்டிய படகு, ஆட்களை ஏற்றி அக்கரையில் விடுவது. பின்னால், படகுக்கு வெளியே தொங்குகிற ஒரு பெரிய அவுட்போர்டு மோட்டார். ஓட்டுவதற்கு இரண்டு இடம்: கீழே கேபினில் ஒன்று, மேல்தட்டில் ஒன்று. எந்த இடத்து லீவருக்கு அதிகாரமோ அங்கே ஒரு பச்சை விளக்கு எரியும். ஒரு சமயத்தில் ஒரு விளக்குதான்.

அன்றைக்குப் படகில் பயணிகள் இல்லை. அண்ணனும் தம்பியும் மட்டும். தண்ணீருக்குள் சுற்றுகிற என்ஜின் விசிறியில் ஏதோ வலை சுற்றிக்கொண்டது. அண்ணன் கத்தியோடு தண்ணீரில் இறங்கினான். இறங்குவதற்கு முன்னால், எல்லாப் படகுக்காரர்களும் செய்கிறதைச் செய்தான். கீழ் லீவர் பக்கத்து சுவிட்சிலிருந்து சிவப்புச் சுருள் கயிற்றைக் கழற்றித் தன் கையில் மாட்டிக்கொண்டான். அந்தக் கயிறு சுவிட்சில் இல்லாவிட்டால் என்ஜின் கிளம்பாது.

கிளம்பியது.

கரைக்குக் கொண்டுவந்தபோது கயிறு அவன் கையில்தான் இருந்தது. இடுப்புக்குக் கீழேதான் எதுவும் இல்லை.

"நான் எதையும் தொடல. தானா ஸ்டார்ட் ஆச்சு. எலக்ட்ரானிக் ஆச்சே..." என்றான் தம்பிக்காரன். ஊரே பியூஸைப் பார்த்தது. செத்தவனின் மனைவி மட்டும் கத்தவில்லை, சபிக்கவில்லை. அவனை வீட்டுக்குக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்துக் கேட்டார்:

"நீ போட்ட மிஷின் அவரக் கொன்னுதா, இல்ல மனுஷன் கொன்னானா? எனக்கு அது மட்டும் தெரியணும் தம்பி."

"ஞாயித்துக்கிழமை பாத்துச் சொல்றேங்க்கா."

சொல்லிவிட்டு வந்தானே தவிர, ஒரு விஷயத்தை மறைத்துவிட்டான். சொந்த அக்காள், என் சிநேகிதி, அவளிடம்கூட அதை அவன் சொல்லவில்லை.

பட்டறையில் படகை மரக்கட்டைகள் மேல் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். விசாரணைக்காரர்கள் பெட்ரோலை வடித்துவிட்டார்கள். குழாயையும் வெட்டிவிட்டார்கள். பெரிய பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். பியூஸ் கையகலத்தில் ஒரு பேட்டரி கொண்டுபோயிருந்தான். டப்பாவை எழுப்புவதற்கு அது போதும். என்ஜினை அது ஒரு சுற்றுகூடச் சுற்றாது... இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேபின் தரையில் உட்கார்ந்தான். லேப்டாப்பை மாட்டினான். கீழ் லீவர் பக்கம் பச்சை விளக்கு எரிந்தது. திரையில் வரிசையாக வந்தது.

பத்து நாற்பத்தொன்று. உத்தரவு: மேல்தட்டு. ஸ்டார்ட். முன்பக்கம், முழு வேகம், நான்கு விநாடி. நியூட்ரல். பின்பக்கம், முழு வேகம், ஆறு விநாடி. நியூட்ரல். முன்பக்கம்...

தானாகக் கிளம்புகிற என்ஜின் இப்படி நிறுத்தி நிறுத்தி, முன்னும் பின்னும் போகாது. மேலே ஒருத்தன் நின்று, எட்டிப் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறான்.

பியூஸ் மறைத்தது இதைத்தான். அதற்கு வழி விட்டவன் இவன். மூன்று மாதத்துக்கு முன்னால் தம்பிக்காரன் வந்து நச்சரித்தான். "ஒவ்வொரு தடவையும் கீழ எறங்கி வந்து கயித்த மாட்டணுமா? மேல ஏறினா மேல இருக்கற கயிறே போதும்னு பண்ணிக் குடேன்." ஒரு கயிற்றைக் கழற்றினால் இரண்டு இடமும் செத்துப்போக வேண்டும், அதுதான் முறை. இவன் ஒயரைப் பிரித்து இரண்டையும் தனித்தனியாக விட்டான். ரெண்டு நிமிஷ வேலை. அண்ணனிடம் யாரும் சொல்லவில்லை.

திரை மேல் நிழல் விழுந்தது.

"என்ன பியூஸு, லீவு நாள்ல வேலையா?"

தம்பிக்காரன். கையில் முழ நீள ஸ்பேனர்.

"அக்கா கேட்டாங்கண்ணே."

"என்ன எழுதியிருக்கு?"

"இன்னும் பாக்கல."

"பொய் சொன்னா உனக்குக் காது செவக்குது, தெரியுமா?"

முதல் அடி லேப்டாப்புக்கு. இரண்டாவது வாய்க்கு. பற்கள் தரையில் விழுகிற சத்தம் அவனுக்கே கேட்டதாம்... டக். டக்டக். டக். மூன்றாவது அடி தோள்பட்டை எலும்புக்கு. காய்ந்த குச்சி முறிகிற மாதிரி.

"பத்தொம்போது வருஷம்டா! கயித்தப் பிடி, கயித்த விடு, கயித்தச் சுத்து. ஜனங்க முன்னாடி என் பேரே 'டேய் கயிறு'தான். படகுல பாதி என்னோடதுடா, பாதி!"

அடிக்கு ஒரு வார்த்தை. பியூஸ் மேஜைக்குக் கீழே ஊர்ந்தான். தரையெல்லாம் அவன் ரத்தத்தில் வழுக்கியது.

தம்பிக்காரன் மூச்சு வாங்க நின்றான். பிறகு அவனுக்கே தோன்றிவிட்டது. லேப்டாப் உடைந்து என்ன பிரயோஜனம்? எழுத்து இருக்கிறது என்ஜின் டப்பாவில்.

"இரு. அத ஒடச்சிட்டு வந்து உன்னப் பாத்துக்கறேன்."

கீழே குதித்தான். என்ஜினைத் தூக்கிச் சாய்த்து வைத்திருந்ததால் விசிறி ஆளுயரத்தில் நின்றது. டப்பா இருக்கிற என்ஜின் மூடியோ அதற்கும் மேலே. ஒரு காலி டிரம்மை உருட்டி வந்து ஏறினான். வயிறு விசிறியில் பட, எக்கி நின்று மூடியின் கொக்கிகளைக் கழற்றினான். க்ளிக்... க்ளிக்...

கேபினின் பின்கதவு வழியாக பியூஸுக்கு எல்லாம் தெரிந்தது.

பீப்.

கீழே எரிந்த பச்சை விளக்கு அணைந்தது. மேல்தட்டு ஏணியின் சுவரில் மெல்லிசாகப் பச்சை வெளிச்சம் விழுந்தது.

தம்பிக்காரனுக்கும் கேட்டிருக்கிறது. தலையை நிமிர்த்தினான்.

"டேய், மேல யாருடா?"

பெட்ரோல் இல்லை. பெரிய பேட்டரி இல்லை. என்ஜின் கிளம்பியது.

முன்னால்... நான்கு விநாடி. நியூட்ரல். அந்த நியூட்ரலில்தான் அவன் அலறல் கேட்டது. பின்னால்... நியூட்ரல். அதற்கப்புறம் அலறல் இல்லை. முன்னால். விசிறி அவனை டிரம்மிலிருந்து விழவும் விடவில்லை. கேபின் கண்ணாடியில் பொத்துப் பொத்தென்று வந்து அடித்தது. தண்ணீர் இல்லாமல் ஓடுகிற என்ஜின் சூடேறி அலாரம் போட்டது, பீ... என்று ஒரே நீளமாக. உள்ளே ரப்பர் கருகுகிற நாற்றம். பியூஸ் ஒற்றைக் கையால் சின்னப் பேட்டரியின் ஒயரைப் பிடுங்கி எறிந்தான். நிற்கவில்லை. பின்னால்... முன்னால்...

போதும் என்று தோன்றியபோது அதுவே நின்றது.

"ஐயோ பெரியம்மா, முடிஞ்சுதா?" என்கிறாய். எங்கே முடிந்தது?

நிசப்தம். கண்ணாடியில் சொட்டுகிற சத்தம். அப்புறம் மேல்தட்டு ஏணியில் ஒரு சத்தம். காலடி இல்லை... காலடி எப்படி இருக்கும்? தப். உள்ளங்கை ஊன்றுகிற சத்தம். இன்னொரு உள்ளங்கை, தப். பிறகு ஈரமாக எதுவோ இழுபட்டு அடுத்த படியில் விழுந்தது. சொத். தப்... தப்... சொத். பாசி வாடையும் பெட்ரோல் வாடையும் சேர்ந்து வந்தது.

பேட்டரி இல்லாத கீழ் லீவரில், பியூஸின் தலைக்குப் பக்கத்தில், பச்சை விளக்கு எரிந்தது.

எழுந்து ஓட அவனால் முடியவில்லை. வாயில் நிறைந்திருந்ததைத் துப்பினான்.

"அந்தக் கயித்துச் சுவிட்ச ரெண்டாப் பிரிச்சது நான்தான்," என்றான். "அவரு கேட்டாரு, பண்ணிக் குடுத்தேன். உங்ககிட்ட சொல்லல. சொல்லியிருந்தா நீங்க அன்னிக்கு எறங்கியிருக்க மாட்டீங்க."

தப்...

"அக்காகிட்டயும் சொல்றேன். இன்னிக்கே சொல்றேன்."

விளக்கு அணைந்தது. கடைசி இரண்டு படிக்கு மேலேயே சத்தம் நின்றுவிட்டது. ஏணியில் திரும்ப மேலே போகிற சத்தம் எதுவும் கேட்கவில்லை. அதுதான் இன்னும் தூங்கவிடவில்லை என்கிறான்.

ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஒற்றைக் கையால் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு நேராக அந்த வீட்டுக்குப் போனான். கதவு திறந்தே இருந்தது. மேஜை மேல் ஒரு கிண்ணத்தில் வெந்நீர். பஞ்சு. கிழித்து வைத்த பழைய துணி.

"உக்காரு," என்றார் அக்கா.

"அக்கா... மனுஷன்தான் கொன்னான். உங்க கொழுந்தன். ஆனா வழி விட்டது நான்."

இவ்வளவுதான் சொன்னான். பட்டறையில் நடந்ததைப் பற்றியோ ஏணியைப் பற்றியோ ஒரு வார்த்தை எடுக்கவில்லை. அவர் துணியை நனைத்துப் பிழிந்து அவன் வாயைத் துடைத்தார்.

"தெரியும் தம்பி."

"எப்... எப்படிக்கா?"

"அவரு வந்து சொன்னாரு. நீ ஒத்துக்குவேன்னும் சொன்னாரு. நான்தான், மாட்டான்னேன்."

கிண்ணத்துத் தண்ணீர் சிவந்துகொண்டே வந்தது. அதைப் பார்த்தபடியே சொன்னாராம்:

"நான் சொன்ன மாதிரி ஆயிருந்தா, மிச்சம் இருந்த ரெண்டு படியையும் அவரு எறங்கியிருப்பாரு."