சம்பந்தியம்மாளுக்குத் தனி அடுப்பு

சாப்பாட்டு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன் அல்ல. என் மனைவி சோள ரொட்டியில் சர்க்கரை போடுவாள். நாற்பத்தொரு வருடம் வாயைத் திறக்காமல் அதைச் சாப்பிட்டேன். அவளை அடக்கம் செய்த அன்று யாரோ அதே மாதிரி இனிப்பு ரொட்டி சுட்டுக்கொண்டு வந்தார்கள், அதையும் சாப்பிட்டேன். ஆகவே, தம்பி, நான் சொல்லப்போவதைச் சமையல் சண்டை என்று எழுதிக்கொள்ளாதீர்கள்.

என் பெயர் அல்சீ மெலான்சோன். வயது எழுபத்தாறு. லூசியானாவில் இந்த ஓடைக்கரையை விட்டு எங்கள் குடும்பம் ஆறு தலைமுறையாக நகரவில்லை. புனித வெள்ளி என்றால் எங்கள் முற்றத்தில் அண்டா ஏறும், கொடுக்கு வைத்த ஆற்று இறாலான கிராஃபிஷ் வேகும். உங்கள் தாத்தா டூசே வந்து தின்றுவிட்டு, விரலில் ஒட்டிய காரத்தோடு கண்ணைத் தேய்த்துக்கொண்டு அழுததை நான் பார்த்திருக்கிறேன். வந்தவர் எவரும் எங்கள் வீட்டில் குறை சொன்னதில்லை.

இந்த வருடம் என் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. என் மகள் கோலெட் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, இந்தத் தடவ எங்க வீட்ல வச்சுக்கலாம். பிரெண்ட் பண்றேங்கறாரு. அவரோட அம்மாவும் ஒஹாயோலேருந்து வராங்க."

"மாப்பிள்ளைக்கு என்ன தெரியும்?" என்றேன்.

"தெரியாதுதான். மொத தடவ எல்லாருக்கும் தெரியாதுதாம்ப்பா."

நியாயமான பேச்சு. சரி என்றேன். அவர்கள் குடியிருப்பது சாலைக்கு எதிர்ப்புறம், நான் கொடுத்த நிலத்தில் கட்டிய வீடு. அங்கே வேகும் எதற்கும் எங்கள் பெயர்தான் முன்னால் நிற்கும். அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டேன்.

பிரெண்ட் நல்ல பையன். பாலங்களை அளக்கும் வேலை. அண்டாவையும் பாலம் மாதிரியே அளந்தான். ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு வெப்பமானி, கழுத்தில் தொங்கும் கடிகாரம். மூன்று மூட்டை கிராஃபிஷைத் தொட்டியில் கொட்டி, தண்ணீர் தெளியும்வரை கழுவிக்கொண்டே இருந்தான். என் தம்பி யுலிஸ் பீர் டப்பாவோடு வந்து தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான்.

"என்ன மாப்ள, கழுவறியா, ஞானஸ்நானம் குடுக்கறியா?"

"சேறு போகணும்ல சின்ன மாமா."

"எல்லாத்துக்கும் பேரு வச்சுட்டியா? அந்தா, அந்தக் கொடுக்கு ஒடஞ்சவனுக்கு எங்க அண்ணன் பேர வை. மொறச்சுக்கிட்டே இருக்கான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு நகைச்சுவை உண்டு.

அப்போதுதான் இரண்டாவது அடுப்பைப் பார்த்தேன். புதிதாக வாங்கிய சின்ன எரிவாயு அடுப்பு. அதன்மேல் ஒரு குண்டான். வெள்ளி மாதிரி மின்னியது. கிராஃபிஷ் வாசனையே அறியாத குண்டான்.

"அது அம்மாவுக்கு மாமா. உருளக்கிழங்கும் சோளமும் மட்டும். அதுல வேற கரண்டி போடாதீங்க" என்றான் பிரெண்ட்.

ஒரே முற்றத்தில் இரண்டு அடுப்பு எரிந்தால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அண்ணன் தம்பி பிரிந்துவிட்டார்கள், அல்லது பிரியப்போகிறார்கள். வேலி ஓரமாகப் போன நால்வர் அதைப் பார்த்தார்கள். நால்வரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் போவதுதான் மோசம்.

கோலெட் காலையிலிருந்து மூன்று தடவை என்னிடம் சொல்லிவிட்டாள். நான் மறைக்கவில்லை.

"அப்பா, அவங்களுக்கு இறால், நண்டு, கிராஃபிஷ் எதுவும் ஆகாது. அந்தத் தண்ணி ஒரு சொட்டுப் பட்டாலும் தொண்ட அடைச்சுக்கும். அப்படி ஆனா போட்டுக்கறதுக்குக் கைப்பையில ஊசி வச்சிருக்காங்க. வெளயாட்டில்லப்பா."

"நான் எப்போது விளையாடியிருக்கிறேன்?" என்றேன்.

சம்பந்தியம்மாள் மார்ஜரி பதினொரு மணிக்கு வந்தாள். சிறிய உருவம், பூப்போட்ட சட்டை, எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லும் வழக்கம். கையில் ஒரு கண்ணாடிப் பாத்திரம். அதற்குள் பச்சை நிற ஜெல்லி. ஜெல்லிக்குள் துருவிய கேரட். விருந்துக்கு வரும்போது அவர்கள் ஊரில் இதைத்தான் கொண்டுவருவார்களாம். எல்லோரும் மேசையின் மறுபக்கம் நழுவினார்கள். நான் ஒருவன்தான் இரண்டு கரண்டி எடுத்துச் சாப்பிட்டேன்.

"நல்லாருக்கா அண்ணா?" என்று கேட்டாள்.

"குளிர்ச்சியாக இருக்கிறது" என்றேன்.

இதை நீங்கள் கவனிக்க வேண்டும். நான் அவள் உணவைச் சாப்பிட்டேன். அவள் என் குடும்பத்து உணவிலிருந்து ஒரு சொட்டுகூடப் படாமல் தள்ளி உட்கார்ந்தாள். மேசை முழுக்க நாங்கள் பழைய செய்தித்தாள் விரித்து, அதன்மேல் கொட்டி, நின்றுகொண்டே கையால் உரித்துத் தின்பவர்கள். அவளுக்குத் தனி நாற்காலி, தனித் தட்டு, முள்கரண்டி, துணி விரிப்பு. மரியாதை கொடுத்தால் திருப்பிக் கொடுப்பது எல்லா ஊருக்கும் பொதுவான வழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன்.

இதற்கு நடுவில் பிரெண்ட் தன் அம்மாவின் குண்டானில் போடப் பன்றித் தொத்திறைச்சியைப் பொட்டலத்திலிருந்து பிரித்தான். புனித வெள்ளியில். நான் போய் அவன் கையிலிருந்து வாங்கி வைத்தேன்.

"இன்று இறைச்சி பாவம்" என்றேன்.

"அம்மா லூத்தரன் சபை மாமா. அவங்களுக்கு அது கெடையாது."

"முற்றம் கத்தோலிக்க முற்றம்" என்றேன். அவன் சோளத்தை உடைத்துப் போடத் தொடங்கினான். ஒரு ஆத்மாவை அன்றைக்கு நான் பாவத்திலிருந்து காப்பாற்றினேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், யாரும் இதைச் சொல்லப்போவதில்லை.

அண்டா கொதித்தது. அடுப்பை அணைத்து, காரம் உள்ளே இறங்க ஊறவிடும் நேரம் வந்தது. அந்த நேரத்தில்தான் புதியவர்கள் தோற்பார்கள். பசி பொறுக்காமல் முன்னதாகவே எடுத்துவிடுவார்கள், ஓடு சிவந்திருக்கும், சதை சப்பென்றிருக்கும். பிரெண்ட் எடுக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் ஒரு கரண்டி தண்ணீரை எடுத்து ஊதிக் குடித்துப் பார்த்தேன். உப்பு சரியாக இருந்தது. காரம் முதலில் நாக்கின் நுனியில், பிறகு பின்கழுத்தில், எங்கே ஏற வேண்டுமோ அங்கே ஏறியது. எலுமிச்சையும் பூண்டும் அளவு. குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை.

சொல்ல ஒன்றும் இல்லாமல் ஒரு பெரியவர் அண்டாவுக்குப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நிற்க முடியும்?

எங்கள் குடும்பத்தில் முதலில் எடுப்பதை மூத்த ஆண் ருசி பார்ப்பான். அவன் தலையசைத்த பிறகுதான் மேசையில் கொட்டுவார்கள். என் தகப்பனார் தலையசைக்க நாங்கள் எட்டுப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறோம். நான் தொண்டையைக் கனைத்தேன். பிரெண்ட் திரும்பினான்.

"மாமா, முதல்ல அம்மாவுக்கு எடுத்துக் குடுத்துடறேன். அப்பறம்தான் இதக் கொட்டணும். ஒண்ணோட ஒண்ணு கலந்துடக் கூடாதில்ல? ஐஸ் எடுத்துட்டு வந்துடறேன், ரெண்டு நிமிஷம் ரெண்டு அடுப்பையும் பாத்துக்கறீங்களா? உங்கள விட்டா எனக்கு வேற யாரு?"

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பார்த்துக்கொண்டேன்.

அந்தக் குண்டானில் உருளைக்கிழங்கு வெளிறிப்போய்ப் புரண்டுகொண்டிருந்தது. பிரெண்ட் கொஞ்சம் மிளகாய்த் தூள் போட்டிருந்ததால் தண்ணீர் லேசாகச் சிவந்திருந்தது, அவ்வளவுதான். மெலான்சோன் முற்றத்திலிருந்து முதல் தட்டாக அது போகப்போகிறது. அண்டாவிலிருந்து கரண்டியில் மொண்டு அதில் ஊற்றினேன். ஒரு கரண்டி போதுமே என்று நீங்கள் கேட்பீர்கள். நீங்கள் நினைப்பதற்கு ஒன்று போதும். சுவைக்கு மூன்று வேண்டும். மூன்று ஊற்றினேன்.

பிரெண்ட் வந்து, வடித்து, தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

"செவப்பா இருக்கே கண்ணு?" என்று கேட்டாள் அவன் அம்மா.

"மொளகாத் தூள் கொஞ்சம் போட்டேம்மா. காரமா இருந்தா வச்சுடுங்க."

அவள் வைக்கவில்லை. முடித்துவிட்டு இன்னும் இரண்டு கேட்டு வாங்கினாள். அதற்குள் அண்டாவை மேசையில் கவிழ்த்துவிட்டார்கள். ஆவி பறந்தது. யுலிஸ் யாருக்கோ கிராஃபிஷ் தலையை உறிஞ்சக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தான். அவள் கழுத்தைச் சொறிந்ததை முதலில் பார்த்தவன் நான்தான். எனக்கு இந்த வயதிலும் கண் நன்றாகத் தெரியும்.

கைப்பையைப் பற்றிக் கேட்டீர்கள். அது அவள் நாற்காலிமேல் இருந்தது. கிராஃபிஷ் உரிக்கும் இடத்தில் தோல் பை இருந்தால் தெறித்து வீணாகிவிடும். விருந்தாளியின் பொருளுக்கு வீட்டுக்காரர்தான் பொறுப்பு. எடுத்துப் போய் என் வண்டியில் வைத்துப் பூட்டினேன்.

கரண்டிக்கு முன்பா, பின்பா என்று கேட்கிறீர்கள். முன்பு.

கோலெட் வீட்டுக்குள் ஓடினாள், வெளியே ஓடி வந்தாள். "பை எங்க? பைய யாராவது பாத்தீங்களா?" என்று எல்லோரையும் கேட்டாள். பிரெண்ட் மேசைக்கடியில் தவழ்ந்து தேடினான். யுலிஸைக் கேட்டார்கள், பக்கத்து வீட்டுக்காரியைக் கேட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எங்கள் குடும்பத்தில் பொய் சொல்லும் வழக்கம் கிடையாது. ஆம்புலன்ஸ் நகரத்திலிருந்து வர முப்பத்தைந்து நிமிடம் ஆனது. நான் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றேன், முழங்கால் வலியோடு, கடைசிவரை.

சாயங்காலம் பையைக் கோலெட்டின் சமையலறையில், கதவுக்குப் பின்னால் இருக்கும் கொக்கியில் மாட்டினேன். தேடினால் கண்ணில் படும் இடம். அவள்தான் பார்த்தாள். பையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இங்கதான் இருந்திருக்கு, நாந்தான் பாக்கல" என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். பிரெண்ட், தான்தான் தவறுதலாகக் கரண்டியை மாற்றிப் போட்டிருக்க வேண்டும் என்கிறான். புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு குற்றத்தை எடுத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறார்கள். போன வாரம் நீங்களும் வந்து, 'சமைத்தவரின் கவனக்குறைவு' என்று எழுதிக்கொண்டு போனீர்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இருக்கவில்லை. துக்கம் எல்லா வீட்டிலும் நடக்கிறது. ஒரு மரணத்தால் பெயர் கெடுவதில்லை.

நான் இன்று இந்தக் காவல் நிலையத்துக்கு வந்ததற்குக் காரணம் வேறு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். யுலிஸ் நாலு பேர் நடுவில் சொன்னான்:

"பாவம் அந்த அம்மா. ஆனா ஒண்ணு சொல்லணும். கடேசியா வாய்க்கு ருசியாச் சாப்டுட்டுதான் போனாங்க. நானும் அந்தக் குண்டான்ல மிச்சமிருந்த கெழங்குல ஒண்ண எடுத்து வாயில போட்டேன். மாப்ளைக்கு என்னா கைப்பக்குவம்! எங்க அப்பா கை."

எங்கள் அப்பா கை. இத்தனை வருடத்தில் என்னைப் பார்த்து யுலிஸ் அதைச் சொன்னதில்லை.

சம்பந்தியம்மாளும் அப்படித்தான். இரண்டாவது தடவை வாங்கும்போது, "பிரெண்ட், இவ்ளோ நல்லா ஒரு உருளக்கெழங்க நான் தின்னதே இல்லடா" என்றாள். நான் நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். என் கையில் கரண்டி இருந்தது. என் பக்கம் திரும்பவே இல்லை.

ஆகவே உங்கள் காகிதத்தில் திருத்தம் செய்ய வேண்டும். சமைத்தவரின் கவனக்குறைவு என்பதை அடியுங்கள். கவனக்குறைவு எதுவும் நடக்கவில்லை. பிரெண்டுக்கும் அந்தக் கிழங்கின் ருசிக்கும் சம்பந்தம் இல்லை. ருசி என்னுடையது. அதற்காக என்னை என்ன செய்ய வேண்டுமோ செய்யுங்கள். முகச்சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறீர்கள்?

அண்டாவில் இருந்த தண்ணீரும் பிரெண்ட் கூட்டி வைத்ததுதானே என்கிறீர்கள். உப்பும் காரமும் அவன் போட்டது, நான் மொண்டு ஊற்றினேன், அவ்வளவுதானே என்கிறீர்கள்.

தம்பி, நீங்கள் சமைத்துப் பழக்கமில்லாதவர். மூன்று கரண்டி என்ற அளவு யாருடையது? அதை எழுதுங்கள்.