தாமல் ஏரியில் ஒரு மெரினா

நான் காட்டிய கடலில் எது குறைந்தது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை, மேடம். போன வாரம் என் மனைவி சோபியா தன் தங்கை ஜெனிஃபரோடு சென்னைக்குப் போனாள். திரும்பும்முன் இருவரும் மெரினாவில் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறார்கள். நின்ற உடனேயே, "அவரு காட்னது கடலே இல்ல" என்றாளாம் சோபியா. எதை வைத்துச் சொன்னாள் என்று கேட்டால் ஜெனிஃபர் போனை வைத்துவிடுகிறாள். மணல் இருந்தது. காற்று இருந்தது. தண்ணீர் விழும் சத்தம் இருந்தது. இரண்டாவது முறை உப்பு வாசனையும் இருந்தது.

நீங்கள் கண் ஆஸ்பத்திரியிலிருந்து உத்திரமேரூர் வரைக்கும் வந்தது வேறு கேள்விக்காக. சோபியாவுக்குப் பொருத்த இரண்டு முறை கருவிழி கிடைத்தும் அவள் கணவன் ஏன் அழைத்து வரவில்லை என்று கேட்கிறீர்கள். ஒளிக்க ஒன்றும் இல்லை. ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

நான் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறேன். இந்தப் பக்கத்து ஊர்க்காரர்களை ஒருநாள் சுற்றுலாவாகச் சென்னைக்கு அழைத்துப் போவேன். வண்டலூர் மிருகக்காட்சி சாலை, எழும்பூர் மியூசியம், கலங்கரை விளக்கம், பொழுது சாயும்போது மெரினா. எனக்கு எதுவும் எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும். மியூசியத்தில் திமிங்கில எலும்புக்கூடு இருக்கிறதே, அதன் துடுப்புக்குள் நம் கையில் இருப்பது போலவே விரல் எலும்புகள் இருக்கும். இதை வண்டியில் சொல்ல ஆரம்பித்தால் பின்னாலிருந்து, "யோவ் டிரைவரு, ஒன்னோட பேஜாரா பூடிச்சி. பாட்டு போடுய்யா" என்பார்கள். பாட்டு போட்டுவிடுவேன்.

வீட்டிலும் அப்படித்தான். சோபியா கழனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நான் சொல்ல வாயெடுத்தால், "எனுக்கும் கண்ணு கீதுல்ல. ஒரு நாளு இட்டுக்கினு போங்க, நானே பாத்துக்கிறேன்" என்பாள். ஒருநாளும் வண்டியில் இடம் இருக்கவில்லை. அப்படித்தான் அவளிடம் சொன்னேன்.

அவளுக்கு ஒரு கண் சின்ன வயதில் அம்மையில் போனது. மற்றதில் நெல் தூற்றும்போது உமி விழுந்து, புண்ணாகி, கருவிழி வெள்ளை படர்ந்துவிட்டது. உங்கள் டாக்டர் எனக்கு நன்றாக விளக்கினார். கைக்கடிகாரத்தின் மேல் ஒரு கண்ணாடி இருக்கிறது அல்லவா, அதுதான் கருவிழி. உள்ளே முள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, கண்ணாடி மங்கிவிட்டது. இறந்தவர் ஒருவர் கொடுத்த கண்ணாடியை மாற்றினால் போதும், பார்வை வந்துவிடும். அதுவரை கண்ணில் அழுத்தம் ஏறாமல் அடிக்கடி வந்து சோதிக்க வேண்டும். கிடைத்ததும் போன் செய்வோம், உடனே கிளம்பி வாருங்கள் என்றார்.

காத்திருந்த அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் அவளாகவே கேட்டாள். "ஏங்க, அந்த லைட் அவுஸுல வெளக்கு அணஞ்சி அணஞ்சி எரியுமாமே, நெசமா?"

கல்யாணமாகி அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. விளக்கு அணைவதே இல்லை என்றேன். அதைச் சுற்றியிருக்கும் கண்ணாடிதான் சுழல்கிறது, அது நம் பக்கம் திரும்பும்போது வெளிச்சம் நமக்கு வருகிறது, மற்ற நேரம் வேறு யாருக்கோ போகிறது. அவள், "அப்ப இருட்டா கீற நேரத்துலயும் அது எரிஞ்சிக்கினுதான் கீது" என்றாள். என் வண்டியில் ஏறிய ஒருவரும் அப்படி ஒன்றைச் சொன்னதில்லை.

அதன் பிறகு தினமும் கேட்டாள். திமிங்கிலத்தைச் சொல்லும்போது அவள் கையை விரித்து, துண்டைச் சுற்றிக் கட்டி, அசைக்கச் சொன்னேன். இதுதான் துடுப்பு என்றேன். சோறு ஆறிப்போகும் வரை அசைத்துக்கொண்டிருந்தாள். வண்டலூரில் புலிக்கும் நமக்கும் நடுவில் கம்பி இல்லாமல் அகழி எதற்கு என்று சொன்னேன். எல்லா இடத்தையும் சொல்லி முடித்து, மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

கண் வந்தால் முதலில் எதைப் பார்ப்பாய் என்று ஒருநாள் கேட்டேன். கடலை என்றாள். "நீங்க சொன்னதெல்லாம் சரிதானான்னு பாக்கணும்ல" என்று சிரித்தாள். விளையாட்டாகத்தான் சொன்னாள்.

முதல் முறை நீங்கள் கூப்பிட்டபோது போனை எடுத்தது அன்று வீட்டுக்கு வந்திருந்த ஜெனிஃபர். அதனால் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணினார். சோபியா புதுப் புடவை கட்டிக்கொண்டாள். ஜெனிஃபர் தானும் வருகிறேன் என்றாள். ஆஸ்பத்திரியில் ஒருவரைத்தான் கூட விடுவார்கள் என்று சொல்லி நிறுத்தினேன். அப்போதுகூட நான் எதையும் தீர்மானித்திருக்கவில்லை.

வழியெல்லாம் அவள், "இப்ப எங்க கீறோம்? இன்னா தெரியுது?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நாற்று நடுகிறார்கள், கொக்கு நிற்கிறது என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். திரும்பி வரும்போது இதையெல்லாம் கேட்க மாட்டாள் என்று தோன்றியது. வாலாஜாபாத்தில் சென்னைக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும். நான் இடது பக்கம் திரும்பினேன்.

காஞ்சிபுரம் தாண்டிப் பெங்களூர் சாலையில் ஏறினால் லாரிச் சத்தம் சென்னை மாதிரியே இருக்கும். கொஞ்ச தூரம் அப்படியும் இப்படியும் ஓட்டினேன். ஒரு பெரிய ஓட்டலின் வாசலில் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, ஏசி போட்டு, ஆஸ்பத்திரி வந்துவிட்டது, கவுண்டரில் விசாரித்துவிட்டு வருகிறேன், இறங்காதே என்றேன். வெளியே நின்று உங்களுக்குப் போன் செய்து அவளுக்குக் காய்ச்சல் என்றேன். உள்ளே வந்து அவளிடம், வந்த கண் கெட்டுப்போய்விட்டதாம் என்றேன்.

அவள் சத்தமில்லாமல் அழுதாள். பிறகு என் தோளைத் தடவிப் பார்த்து, "உங்க கொரலே சரியில்ல. உடுங்க, அடுத்த தபா வரும்" என்றாள். என்னைத் தேற்றினாள், மேடம். "வந்தது வந்துட்டோம். அந்தக் கடலயாச்சும் காட்டுங்க" என்றாள்.

பக்கத்தில் இருந்தது தாமல் ஏரி. கார்த்திகை மழையில் நிரம்பி, உபரித் தண்ணீர் கலங்கல் சுவரைத் தாண்டி வழிந்து விழுந்துகொண்டிருந்தது. அங்கே நிறுத்திக் கையைப் பிடித்துக்கொண்டேன். மூக்கை உயர்த்தி, "உப்பு நாத்தமே இல்லியே" என்றாள். "மழ பேஞ்சிக்கீது, அடிச்சினு பூடிச்சி" என்றேன். நம்பினாள்.

அடுத்த வருஷம் ஐப்பசியில் மறுபடி கூப்பிட்டீர்கள். அந்த முறை நான் தயாராக இருந்தேன். உங்களிடம் வெளியூரில் இருக்கிறோம் என்றேன், அவளிடம் நீங்கள் கூப்பிட்டதையே சொல்லாமல் கடல் பார்க்கப் போகலாம் என்றேன். திருமுக்கூடல் ஆற்று மணல் நாலு மூட்டை கொண்டுபோய்க் கலங்கல் ஓரம் முன்னாலேயே பரப்பிவைத்தேன். நெத்திலிக் கருவாடு ஊறவைத்த தண்ணீரில் கல் உப்பைக் கரைத்து, மருந்து அடிக்கும் ஸ்பிரேயரில் ஊற்றி, காற்று வரும் பக்கம் நின்று அடித்தேன். உதட்டை நக்கிப் பார்த்தாள். "எங்க முடியுது?" என்று கேட்டாள். "முடியிற எடமே தெரியல" என்றேன். மணலில் காலைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்திருந்தால் நீங்கள் இங்கே வந்து இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

இடையில் சோதனைக்கு வரச் சொன்ன நாட்களையும் நான் அவளிடம் சொல்லவில்லை. கண் வலிக்கிறது, தலை வலிக்கிறது என்பாள். மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். வலித்த நாட்களில் நெற்றியைப் பிடித்துவிட்டபடி பக்கத்திலேயே உட்கார்ந்து அந்த இடங்களையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். வலி தாங்காமல் போன வாரம் நான் வேன் எடுத்துப் போயிருந்தபோது ஜெனிஃபர் அவளைப் பஸ்ஸில் உங்களிடம் அழைத்து வந்தாள். அழுத்தம் ஏறி உள்ளே இருக்கும் நரம்பு பட்டுப்போய்விட்டது, இனி யாருடைய கண் வந்தாலும் பார்வை வராது என்று உங்கள் டாக்டர் சொல்லியிருக்கிறார். சரிதான். கடிகாரமே நின்ற பிறகு மேல் கண்ணாடியை மாற்றி என்ன ஆகும்.

சோபியாவின் கண் போனதற்குக் காரணம் நெல் உமி என்று நீங்கள் எழுதிவைத்திருப்பீர்கள். அது பாதிதான். வர இருந்த பார்வையை வராமல் செய்தது நான். இரண்டு முறையும் தெரிந்தேதான் செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ராஜகுளத்தில் ஜெனிஃபர் வீட்டில்தான் இப்போது இருக்கிறாள். இனி அவளுக்கு ஒவ்வொன்றையும் யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். ஜெனிஃபருக்கு அந்தப் பொறுமை கிடையாது.

உங்களிடம் சொல்லிக்கொண்டு வரும்போதே எனக்குப் பிடிபட்டுவிட்டது, மேடம். தப்பு சத்தத்தில்தான். கலங்கலில் தண்ணீர் நிற்காமல் விழுகிறது. அலை வரும், உடையும், நடுவில் கொஞ்சம் மௌனம் இருக்கும். அந்த மௌனத்தை நான் வைக்கவில்லை. அடுத்த முறை ஒரு பிளாஸ்டிக் டிரம்மை நீளவாக்கில் அறுத்து, நடுவிலிருந்து சற்றுத் தள்ளி இரும்புக் கம்பி கோத்து, தண்ணீர் விழும் இடத்தில் இரண்டு கல்லுக்கு நடுவே மாட்ட வேண்டும். நிரம்பினால் தானாகக் கவிழும், காலியானால் தானாக நிமிரும். சத்தம் அலை மாதிரி விட்டு விட்டு வரும்.