எங்கள் தோல்வியை எங்களுக்கே தாருங்கள்

கையில் மணியும் கண்ணில் கண்டிப்புமாக இந்த விருந்துக்குத் தலைமை தாங்கும் ஸ்டெஃபானியா யாரெம்கோ அம்மையார் அவர்களே! முன்வரிசையைப் பிடிப்பதற்காக வெளிச்சம் இருக்கும்போதே வந்து அமர்ந்துவிட்ட கிரேலிங் ஊர்ப் பெரியோர்களே! வான்கோழியை வாட்டி, கிழங்கை மசித்து, பெரோகிக் கொழுக்கட்டையை மடித்து வேகவைத்து, இப்போது சமையலறை வாசலில் நின்றபடி ‘இந்த ஆள் எப்போது முடிப்பான்’ என்று என்னைப் பார்க்கும் தாய்மார்களே! பன்னிரண்டு பேராக ஆடி எங்களை வென்ற வீரர்களே! பதினொரு பேராக ஆடியே பழகியதால், பன்னிரண்டாம் ஆளை எங்கே நிறுத்துவது என்று கடைசிவரை தெரியாமலே தோற்ற எங்கள் வீரர்களே! எல்லை கடந்து என்னோடு வந்து, கழிவறைக்குப் பக்கத்து மேசையில் அடக்கத்தோடு அமர்ந்திருக்கும் என் ஹால்வர்சன் ஊர் மக்களே! எல்லோருக்கும் அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்து வணக்கத்தைக் கொண்டுவந்திருக்கிறேன்.

என் பெயர் ஆர்டன் ஸ்வென்ஸ்ருட். விதை விற்பவன். இரண்டு ஊரும் ஆண்டுக்கு ஒருமுறை மோதுகிறோம். ஓர் ஆண்டு உங்கள் மைதானத்தில் உங்கள் விதிப்படி, மறு ஆண்டு எங்கள் மைதானத்தில் எங்கள் விதிப்படி. தோற்ற ஊரின் சார்பில் ஒருவர், வென்ற ஊரின் விருந்தில் நின்று, வென்றவர்களின் ஆட்டத்தை வாயாரப் புகழ வேண்டும். புகழும்போது சிரிக்கக் கூடாது. நான் நார்வே வழி வந்தவன், சிரிப்பது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. அந்த விதியால் எனக்கு ஒரு சிரமமும் இல்லை.

ஆகவே புகழ்கிறேன்.

கனடாவின் கால்பந்தை எப்படிப் புகழ்வேன்? எங்கிருந்து தொடங்குவேன்? பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஆட்டத்துக்குக் ‘கால்பந்து’ என்று பெயர் வைத்ததில் மட்டும் நம் இரு நாடுகளுக்கும் கருத்து வேற்றுமை வந்ததே இல்லை. மற்றதெல்லாம் வேற்றுமை! நாங்கள் பத்து கெஜம் முன்னேற நான்கு வாய்ப்பு கேட்கிறோம். நீங்களோ மூன்று போதும் என்கிறீர்கள். என்ன தன்னம்பிக்கை! என்ன தன்னடக்கம்! இரண்டே ஓட்டத்தில் ஒன்றும் நடக்காமல் மூன்றாவதில் பந்தை எதிரிக்கே உதைத்து அனுப்பிவிடும் தாராளம் வேறு எந்த நாட்டுக்கு வரும்?

உங்கள் மைதானம் அகலம். எவ்வளவு அகலம் என்றால், எங்கள் ஆட்கள் ஓரக்கோட்டைத் தேடிப் போய்க்கொண்டே இருந்தார்கள். உங்கள் ரசிகர்கள் தர்பூசணியைக் குடைந்து தலைக்கவசமாகக் கவிழ்த்துக்கொள்கிறார்கள். நாங்கள் என்ன குறைந்தவர்களா? வைக்கிங் வீரர்களைப் போலத் தலையில் கொம்பு வைத்துக்கொண்டு ஆட்டம் பார்க்கப் போகிறவர்கள்தாம். ஆனால் கொம்பிலிருந்து சட்டைக்குள் சாறு ஒழுகாது. என்ன பெரியவரே? பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், “வெயிலுக்குக் குளுகுளுன்னு இருக்கும்யா, போட்டுப் பாத்துட்டுப் பேசு!” என்கிறார். பார்க்கிறேன் ஐயா. அடுத்த தடவை தோற்றால் அதையும் போட்டுக்கொண்டே பேசுகிறேன்.

இங்கே வரும் வழியில் எல்லைச் சாவடியில் எங்கள் வேனை நிறுத்தினார்கள். உங்கள் நாட்டு அதிகாரி, நல்ல மனிதர், குனிந்து கேட்டார்.

“என்ன விஷயமா வர்றீங்க?”

“தோத்துட்டோம் சார். பாராட்டிப் பேசப் போறோம்.”

“ஏதாவது கொண்டு வர்றீங்களா?”

“ஒரு மேடைப்பேச்சு இருக்கு.”

“என்ன பெறும்?”

“ஒண்ணும் பெறாது சார்.”

எழுதிக்கொண்டார். பிறகு வேனுக்குள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மெதுவாக, மிக மரியாதையாக, “அந்த மண்டி போட்டவரு வந்திருக்காரா?” என்றார்.

எங்கள் ஆட்டக்காரன் டேரல் ஹாகன் ஜன்னல் வழியாக கோதுமைத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அறுத்து முடித்த நிலத்தில் பார்க்க என்ன இருக்கிறது? இருந்தும் பார்த்துக்கொண்டே இருந்தான். எனக்கு மனசு வலித்தது.

நடந்தது உங்களுக்குத் தெரியும். தெரிந்தாலும் சொல்வேன், ஏனென்றால் மேடையில் நிற்பவன் நான். ஆட்டம் சமநிலை. கடைசி உதை. உதைத்தவர் உங்கள் மெர்வின் யாரெம்கோ, நம் தலைவர் அம்மையாரின் மகன். பந்து கம்பங்களுக்கு நடுவே போயிருந்தால் மூன்று புள்ளி. போகவில்லை. வலப்பக்கம் விலகி, கம்பங்களுக்குப் பின்னால் எங்கள் எல்லைக் கட்டத்துக்குள் இறங்கியது. அங்கே நின்றவன் டேரல். ஓடினான், பாய்ந்தான், அழகாகப் பிடித்தான். பிடித்தவன் என்ன செய்தான்? சின்ன வயதிலிருந்து என்ன சொல்லிக்கொடுத்தார்களோ அதைச் செய்தான். ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றினான். எங்கள் நாட்டில் அப்படிச் செய்தால் உதைத்தவன் உழைப்பு வீண், ஆபத்து நீங்கியது, அனைவரும் வீட்டுக்குப் போகலாம்.

உங்கள் நாட்டில்? அந்தக் கட்டத்தை விட்டுப் பந்தை வெளியே கொண்டுவராமல் மண்டியிட்டால், உதைத்தவன் ஊருக்கு ஒரு புள்ளி!

தவறவிட்டவர் வென்றார். தவறாமல் பிடித்தவன் தோற்றான். மெர்வினைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினீர்கள். அவர் மேலேயிருந்து கத்தியது எங்கள் பெஞ்சுவரை கேட்டது: “எறக்கி விடுங்கடா! நான் அடிச்சது உள்ள போகலடா!” கேட்டீர்களா? கேட்கவில்லை. இன்னொரு சுற்று சுற்றினீர்கள்.

அன்றிலிருந்து எங்கள் ஊர்க் காப்பிக் கடையில் டேரல் நுழைந்தால், நாற்காலியில் இருப்பவர்கள் இறங்கி வரிசையாக மண்டியிடுகிறார்கள். மூட்டுவலிக்காரர்கள்கூட! ஒருவரை எழுப்பிவிட டேரலே கை கொடுக்க வேண்டியதாயிற்று.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சற்று முன் கிரேவி பரிமாறும் வேளையில், தலைவர் அம்மையார் மணியடித்து ஓர் அறிவிப்புச் செய்தார். அவர் சொன்ன வார்த்தைகளையே சொல்கிறேன்: “அந்தப் பையன் மூஞ்சியப் பாத்தா எனக்குச் சாப்பாடு எறங்கல. அந்த ஒரு புள்ளி எங்களுக்கு வேணாம். ஆட்டம் சமம்னு வச்சுக்குவோம். கமிட்டில எல்லாரும் சரின்னுட்டாங்க. மன்னிச்சுக்குங்க.”

வென்றவர் மன்னிப்புக் கேட்கிறார்! இதை எந்த நாட்டில் கண்டோம்? அம்மா, உங்கள் மனம் பெரிது. உங்கள் மைதானத்தைவிட அகலம். அதனால்தான் கைகூப்பிச் சொல்கிறேன், அந்தப் புள்ளியை எங்களுக்காக விட்டுக்கொடுக்காதீர்கள்!

தோல்வி எங்களுடையது! மண்ணில் புரண்டு பெற்றது, மழையில் நனைந்து பெற்றது, மானத்தோடு பெற்றது! அதை எதற்கு எங்களிடமிருந்து பிடுங்குகிறீர்கள்? தோற்றவனுக்கு அடுத்த ஆண்டு இருக்கிறது. மன்னிக்கப்பட்டவனுக்கு என்ன இருக்கிறது? தோற்றவன் திருப்பி அடிக்கலாம். இரக்கப்பட்டவர்களை யார் திருப்பி அடிப்பது? இந்தச் சமநிலையை இன்று வாங்கிக்கொண்டு போனால், காப்பிக் கடையில் என்ன சொல்வார்கள்? “மண்டி போட்டான், பாவம்னு விட்டுட்டாங்க” என்பார்கள். டேரலுக்கு நரைத்த பிறகும் சொல்வார்கள். அவன் தோற்றவனாக வீடு திரும்பட்டும், தாங்குவான். பாவப்பட்டவனாகத் திரும்பினால் தாங்க மாட்டான்.

என் மேசைக்காரர்களே, நீங்கள் கைதட்ட வேண்டிய இடம் இதுதான்.

நன்றி. தாமதம்தான், ஆனாலும் நன்றி.

என்ன சலசலப்பு? டேரல் எழுந்து நிற்கிறான். பேசு டேரல். பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம், நான் திருப்பிச் சொல்கிறேன். “அம்மா, நான்தான் தோத்தேன். அது என்னுது. என்கிட்டயே இருக்கட்டும்.” இன்னும் சொல்கிறான், பொறுங்கள். “டேய் மெர்வின், அடுத்த வருசம் எங்க ஊருக்கு வா. இதே மாதிரி உதை. இதே மாதிரி பிடிச்சு, இதே மாதிரி மண்டி போடுவேன். ஒரு மண்ணும் கெடைக்காது உனக்கு!”

மெர்வின் எழுகிறார். “போடா! அடுத்த வருசம் நான் ஏன்டா தவற விடப் போறேன்?” என்கிறார்.

அம்மையார் அவர்களே, தீர்ப்பு உங்கள் கையில். மணியை எடுக்கிறார். ஏதோ சொல்கிறார். “சரிப்பா, புள்ளி எங்களுக்கே இருக்கட்டும். மன்னிச்சுக்குங்க” என்கிறார்! மன்னிப்புக் கேட்டு விட்டுக்கொடுத்த புள்ளியை, மன்னிப்புக் கேட்டே திரும்ப வாங்கிக்கொண்டார். இதற்கு மேல் கனடாவை என்னால் புகழ முடியாது.

தோற்றோம்! ஒரு புள்ளியில், உங்கள் விதியில், எங்கள் சம்மதத்தோடு தோற்றோம்! காதுகொடுத்த கனவான்களுக்கும், காத்திருந்த தாய்மார்களுக்கும் என் நன்றி. ஹால்வர்சன் வாழ்க! கிரேலிங்கும் வாழ்க, எங்களைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதலாக வாழ்க! வணக்கம்.